முத்திரைக்கு மேலே கையெழுத்து

"செத்த வெள்ளைக்காரிகளோட குடும்பம் நடத்தினது போதும் அண்ணை! உயிரோட இருக்கிற தங்கச்சி கூப்பிடுறன், பேர்த் நகரத்துக்கு என்னோட வாங்கோ!"

"கத்தாதை யோகராணி. கீழ்வீட்டுக் கிழவி விளக்குமாத்துத்தடியாலை தன்ர கூரையை இடிக்கப் போறா."

"இடிக்கட்டும்! ஆறு வருசமா முகமே பாக்காத ஒருத்தன். அவன் அனுப்பின படம் பொய்யெண்டு படம் சேர்க்கிற சங்கத்திலை எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கிறாங்கள். இன்னும் சிநேகிதன் எண்டு சொல்லுறியளோ?"

"பிம் அப்பிடிப்பட்ட மனிசன் இல்லை."

"அப்ப எப்பிடிப்பட்ட மனிசன்? சொல்லுங்கோ பாப்பம்!"

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. வெளியே படிக்கட்டில், அழைப்புமணிக்கு நேராக நீட்டிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான் துப்பறிவாளன் நித்தியானந்தன்.

"அமுக்கலாமா சார்? இல்ல இடைவேளை வரைக்கும் பாத்துட்டு அமுக்கலாமா?" என்று காதோடு கேட்டாள் உதவியாளர் கிரிஜா.

"வாயை மூடு பிள்ளை."

"மூடிட்டுத்தான் கேக்கறேன்."

கொழும்பில் பதினைந்து வருடம் போலீஸில் குப்பை கொட்டிவிட்டு சிட்னிக்கு வந்தவன் நித்தியானந்தன். ஆஷ்ஃபீல்டில் மீன்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அதுதான் அலுவலகம், அதுதான் வீடு. மனைவியும் மகளும் இன்னும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். சும்மா இருக்கும் நேரங்களில், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைகளில், தொலைபேசி வேலை செய்கிறதா என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பான். வேலை செய்யும். வைத்துவிடுவான். கிரிஜா திருவல்லிக்கேணிக்காரி. கணவன் பெயிண்ட் தொழிற்சாலையில் ரசாயனம் கலக்க, இவள் இங்கே தட்டச்சு அடித்தாள். அடிக்காத நேரத்தில் வாயடித்தாள். வாரத்தில் ஐந்து நாள் நித்தியானந்தனுக்குத் தமிழ் என்று இருந்தது அந்த வாய் ஒன்றுதான்.

மணியை அமுக்கினான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த யோகராணி, கண்ணைத் துடைத்தபடி அவர்களைத் தாண்டிப் படியிறங்கினாள். பாதிப் படியில் திரும்பி, "ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை முடிவு சொல்லுங்கோ அண்ணை, டிக்கெட் எடுக்கோணும்" என்றாள்.

அவர்களை வரச்சொன்ன வரதராஜா மெலிந்த மனிதர். ஐம்பது தாண்டியிருக்கும். ரயில்வேயில் வரைபடம் கீறும் வேலை. சிட்னியின் ஹோம்புஷ் பகுதி ஃபிளாட்டில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, மற்றதெல்லாம் ஆல்பம். வந்தவர்களைக் கதிரையிலும் கட்டிலிலும் இருத்திவிட்டு, தான் நின்றுகொண்டார். இரண்டு பேர் ஒன்றாக வரும் வீடு அது இல்லை என்று தெரிந்தது.

"நூறு வருசத்துக்கு முந்தின அமெரிக்கப் படங்கள். உள்நாட்டுச் சண்டை நேரம் அங்கை காசு முட்டுப்பட்டு, படம் பிடிக்கிறதுக்கும் வரி போட்டவங்கள். ரெண்டே ரெண்டு வருசம்தான். அந்த ரெண்டு வருசப் படங்களுக்குப் பின்னாலை மட்டும் வரி முத்திரை ஒட்டியிருக்கும். அதிலையும் படத்திலை இருக்கிற ஆளே கையெழுத்துப் போட்டது கிடைச்சால், அதுதான் தங்கம்."

"நம்மூர்ல படம் பிடிச்சா ஆயுசு குறையும்பாங்க. அங்க காசு குறைஞ்சிருக்கு" என்றாள் கிரிஜா.

வரதராஜா சிரிக்கவில்லை. ஒரு உறையிலிருந்து விரல் நுனியால் ஒரு சின்ன அட்டைப்படத்தை உருவி மேசையில் வைத்தார். தொப்பி போட்ட ஒரு பெண். கன்னத்தில் கை. எலினோர் வேட் என்ற மேடைப் பாடகியாம். கீழே மங்கிய பழுப்பு மையில் அவள் கையெழுத்து.

நித்தியானந்தன் படத்தைத் திருப்பினான். பின்பக்கம் மூன்று சதப் பச்சை முத்திரை. அதற்கு மேலே, ஒரு கால் முத்திரையிலும் ஒரு கால் அட்டையிலுமாகக் குறுக்கே ஓடியது அதே கையெழுத்து.

"எல்லாம் ஒழுங்காத்தானே கிடக்கு?"

"பக்காவா இருக்கு சார்" என்றாள் கிரிஜாவும்.

"எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சுது" என்றார் வரதராஜா. "போன கிழமை சங்கத்திலை ஆசையாக் கொண்டுபோய்க் காட்டினன். அங்கை இருக்கிற பெரிய ஆள் பின்பக்கத்தைத் திருப்பினார். சிரிச்சார். 'மை புதுசு, யாரோ உனக்குத் தலையிலை கட்டிப்போட்டான்' எண்டார். பிறகு மற்ற ஆக்களுக்கும் காட்டினார். எல்லாரும் சிரிச்சவை."

"இதை அனுப்பினது?"

"ஹாரல்ட் பிம். மெல்போர்ன். ஆறு வருசமா எழுதிறம். படத்தைப் பற்றித் தொடங்கினது. பிறகு மழை, முதுகு நோ, நித்திரை வராதது எண்டு எல்லாம் எழுதுவம். இது என்ர பிறந்தநாளுக்கு அனுப்பினவர். காசு வாங்கேல்லை."

"அவர் இங்க வந்ததே இல்லையா?" என்று கேட்டாள் கிரிஜா. அதற்குள் அவள் கண் மேசையிலிருந்த உறைமேல் விழுந்துவிட்டது. "ஆமா, யாரு இந்த வி. ரோஜர்ஸ்?"

வரதராஜா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நான்தான். சங்கத்துப் பத்திரிகையிலை என்ர சொந்தப் பேரிலை மூண்டு தரம் விளம்பரம் போட்டனான், படம் மாத்த விருப்பமெண்டு. ஒருத்தரும் எழுதேல்லை. நாலாம் தரம் ரோஜர்ஸ் எண்டு போட்டன். அடுத்த கிழமையே பிம் எழுதினார். பிறகு எப்பிடி உண்மையைச் சொல்லுறது? வாங்கோ எண்டு எப்பிடிக் கூப்பிடுறது? ரோஜர்ஸைத் தேடி வாற மனிசனுக்குக் கதவைத் திறக்கிறது நான் எல்லே."

கிரிஜா அந்த உறையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு ஒண்டு மட்டும் தெரியோணும்" என்றார் வரதராஜா. "பிம் என்னை ஏமாத்தினவரோ, இல்லையோ. ஏமாத்தினவர் எண்டால் இந்த ஆல்பமெல்லாத்தையும் வித்துப்போட்டுத் தங்கச்சியோட பேர்த்துக்குப் போறன். பிறகு எனக்கு இங்கை கடிதம் போட ஆர் இருக்கினம்?"

பிம்மின் விலாசம் வெறும் தபால்பெட்டி எண். ஃபுட்ஸ்க்ரே தபாலகம், மெல்போர்ன். தபாலகத்தில் கேட்டால் பெட்டிக்காரன் யார் என்று சொல்ல மாட்டார்கள். யோசனை கிரிஜாவுடையது.

"பெட்டிக்குள்ள போகாத சாமானா அனுப்புவோம் சார். நீளமா ஒரு அட்டைக் குழல். மஞ்சள் காகிதம் சுத்தி. பெட்டியில ஒரு துண்டு அட்டை மட்டும் போடுவாங்க. அவர் அதை எடுத்துட்டு கவுண்டருக்கு வந்து பேர் சொல்லித்தான் குழலை வாங்கணும். மஞ்சள் குழலோட யார் வெளிய வர்றாரோ அவர்தான் பிம். கோட்டுக்குள்ள ஒளிச்சிட்டா நடக்க முடியாது, கால் மடங்காது."

"குழலுக்குள்ளை என்ன வைக்கிறது?"

"பழைய காலண்டர். பிள்ளையார் படம் போட்டது. காரியம் நடக்கும்."

சனிக்கிழமை காலை ஃபுட்ஸ்க்ரே தபாலகத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜூன் மாதம், அங்கே குளிர்காலம். கவுண்டருக்குப் பின்னால் அலமாரிமேல் மஞ்சள் குழல் பளிச்சென்று தெரிந்தது. ரயிலில் கழுத்து பிடித்துக்கொண்டதால் நித்தியானந்தன் கதவையும் குழலையும் மாறி மாறிப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது.

சுருட்டு மணக்க ஒரு தடியர் வந்தார்.

"இவர்தான். முகத்திலேயே பிம்னு எழுதியிருக்கு" என்றாள் கிரிஜா.

தடியர் தந்தி கொடுத்துவிட்டுப் போனார். பிறகு வந்த நரைத்தலைக்காரரையும் அவள் பிம் என்றாள். அவர் நாய் உரிமம் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்.

"உனக்கு எல்லா வெள்ளையரும் பிம்தானோ?"

"அவங்களுக்கு நாம எல்லாரும் ஒண்ணுதானே சார். கணக்கு நேராகட்டும்."

"மன்னிக்கணும். நீங்க தமிழா?"

வரிசையில் நின்ற ஒரு மனிதர் திரும்பியிருந்தார். சுத்தமாகத் தேய்த்த கோட்டு, காதுவரை கம்பளிக் குல்லாய், கையில் ஏதோ அட்டை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆமா சார்! நீங்க?" என்று எழுந்தே விட்டாள் கிரிஜா.

"சேஷாத்ரி. திருச்சி. இங்க கம்பளி மில்லுல கணக்கெழுதறேன். காதுல தமிழ் விழுந்தது. என் மனசுக்குள்ள கேக்கறதோன்னு நெனச்சேன். அப்பப்போ கேக்கும். திரும்பிப் பாத்தா நிஜமாவே மனுஷா!"

வரிசை நகர்ந்தது. அவர் முன்னால் பார்த்து நடக்காமல், இவர்களைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்தார். எந்த ஊர், எப்போது வந்தது, இங்கே நல்ல கறிவேப்பிலை கிடைக்கிறதா, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். கவுண்டருக்கு வந்ததும் பேச்சு நின்றது. கிளார்க் என்ன வேண்டும் என்றான். சேஷாத்ரி இவர்களை ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த அட்டையைக் கோட்டுப் பைக்குள் செருகினார்.

"ஒரு ஸ்டாம்ப்" என்றார்.

ஒற்றை முத்திரையோடு திரும்பி வந்தவர், "இதே தெருவுல, ரொட்டிக்கடை தாண்டி பச்சைக் கதவு. வந்து ஒரு வாய் காப்பி சாப்டுட்டுப் போகப்படாதா? ஃபில்டர் காப்பி. டிகாஷன் இறங்கிண்டிருக்கு" என்றார்.

கிரிஜாவின் கண் ஆசையில் விரிந்தது. நித்தியானந்தன் மஞ்சள் குழலைப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறம். இந்த இடத்தை விட்டு அசையேலாது."

சேஷாத்ரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஓ. சரி, சரி. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்று வாசல் வரை போனவர், நின்று திரும்பினார். "பச்சைக் கதவு" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

"பாவம் சார்" என்றாள் கிரிஜா. ஒரு மனிதன் காப்பி குடிக்க ஆள் கேட்டுக் கெஞ்சுவதை நித்தியானந்தன் முதல் தடவையாகப் பார்த்தான். தானும் ஒருநாள் இப்படித் தபாலகத்தில் நிற்பானோ என்று ஒரு பயம் வந்தது.

தபாலகம் மூடும் நேரம் நெருங்கியது. குழல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வந்ததுக்கு அம்மாவோட ஸ்வெட்டர் பார்சலையாவது அனுப்பிடறேன்" என்று கிரிஜா கவுண்டருக்குப் போனாள். பார்சல் சேர்ந்ததும் தகவல் வருவதற்கு ஒரு படிவம் கொடுத்தான் கிளார்க். அதற்கான கட்டணத்துக்கு மூலையில் ஒரு முத்திரையை அவனே ஒட்டி, கையெழுத்துப் போடச் சொன்னான். கிரிஜா பேனாவை எடுத்து, முத்திரைக்கு மேலே குறுக்காக இழுத்து ஒரு கையெழுத்துப் போட்டாள்.

கிளார்க் படிவத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்னம்மா இது? முத்திரைமேல் கோடு போட்டு அடிக்கிறது எங்க வேலை. உங்க பேர் எழுதக் கீழே கோடு இருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

"இதுல என்ன சிரிப்பு? ஸ்டாம்ப்புன்னா அதுக்கு மேலதானே கையெழுத்து?" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள் கிரிஜா. "சார், நீங்களே சொல்லுங்க!"

நித்தியானந்தன் எழுந்து நின்றிருந்தான்.

"திருப்பிச் சொல்லு பிள்ளை."

"ஸ்டாம்ப்புன்னா அதுக்கு மேலதானே..."

"சங்கத்துப் பெரிய ஆள் ஏன் சிரிச்சவர் எண்டு இப்ப விளங்குது."

கைப்பையிலிருந்து படத்தை எடுத்தான். ஒத்துப் பார்க்க வரதராஜா கொடுத்திருந்த மற்ற நான்கு படங்களையும் எடுத்தான். பெஞ்சில் குப்புற அடுக்கினான். நான்கிலும் முத்திரைமேல் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு எழுத்து, ஒரு தேதி. படம் பிடித்த கடைக்காரன், வரி கட்டியாயிற்று என்று முத்திரையை அடித்துவிட்ட அடையாளம். படத்தில் இருப்பவர் முன்பக்கம்தான் கையெழுத்துப் போடுவார், முத்திரைப் பக்கமே வரமாட்டார். எலினோர் வேட் ஒருத்திதான் தன் முத்திரையில் தானே குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அமெரிக்கப் பாட்டுக்காரி முத்திரையிலை ஏன் கையெழுத்துப் போடுறாள்? சம்பளம் வாங்கினவளோ? வாடகை ரசீது குடுத்தவளோ? முத்திரையைக் கண்டால் குறுக்காலை கையெழுத்து இழுக்கிறது ஆர்?"

"நாம" என்றாள் கிரிஜா மெதுவாக. "அதனாலதான் நம்ம மூணு பேருக்கும் அது தப்பாவே தெரியலை."

"இதைச் செய்தது எங்கட ஆள். இண்டைக்கு இந்தத் தபாலகத்துக்கு எங்கட ஆள் எத்தினை பேர் வந்தவை?"

"ஒருத்தர். கையில துண்டு அட்டையோட வந்தார். நம்மளப் பாத்ததும் பைக்குள்ள போட்டுட்டார்." கிரிஜா கைப்பையை மாட்டிக்கொண்டாள். "தமிழங்க முன்னாடி எப்படி சார், 'என் பேர் பிம்'னு சொல்லுவார்? வாங்க, காப்பிக்குப் போலாம்."

பச்சைக் கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது. "வந்துட்டேளா!" என்றவரின் கண், நித்தியானந்தன் கையிலிருந்த படத்தில் விழுந்தது. சேஷாத்ரி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, மற்றதெல்லாம் ஆல்பம். கிரிஜா நித்தியானந்தனைப் பார்த்தாள். மேசையில் ஒட்டப்படாத உறைகள், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நாலு பருக்கைச் சோறு.

"கோந்துக்குப் பதிலா சாதமா மாமா?" என்றாள்.

"பழக்கம்" என்றார் அவர். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். "படம் நிஜம். முன்னால இருக்கற கையெழுத்தும் நிஜம். முத்திரை மட்டும் எப்பவோ விழுந்துடுத்து. பின்னால வெறும் தழும்பு. பொறந்தநாளைக்கு அப்படி மூளியா அனுப்ப மனசு வரலை. என்கிட்ட அதே காலத்துப் பழைய முத்திரை ஒண்ணு இருந்தது, ஒட்டினேன். ஒட்டினா மட்டும் போறுமா? மேல கையெழுத்து இல்லேன்னா முத்திரை செல்லாதேன்னு, முன்னால இருந்ததைப் பாத்துப் பாத்து எழுதினேன். ஏமாத்தணும்னு இல்லே சார். ரோஜர்ஸுக்கு ஒரு முழுசான பொருள் குடுக்கணும்னு."

"பிம் எண்ட பேர்?"

"நான் முன்னால இருந்த வீட்டுல, எனக்கு முன்னால குடியிருந்தவர். அவர் பேருக்குத் தபால் வந்துண்டே இருக்கும். என் பேருக்கு ஒண்ணும் வராது. ஒருநாள் அவருக்கு வந்த சங்கத்துப் பத்திரிகையைப் பிரிச்சேன். அதுல ரோஜர்ஸோட விளம்பரம். பதில் போட்டேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வெள்ளைக்காரர் சார் அவர். ரொம்ப நல்லவர். என் முதுகுவலிக்கு என்ன தைலம்னு கூட எழுதினார். நான் யாருன்னு தெரிஞ்சா எழுதுவாரா? சொல்லுங்கோ, எழுதுவாரா?"

கிரிஜா வாயைத் திறந்தாள். நித்தியானந்தன் கையைக் காட்டி நிறுத்தினான். அவனை அமர்த்தியவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது. மற்றது அவனுடைய ரகசியம் இல்லை.

"நீங்கள் செய்ததை நீங்களே சொல்லுங்கோ" என்று சேஷாத்ரியின் தொலைபேசியை எடுத்துச் சுழற்றினான். "மிஸ்டர் ரோஜர்ஸ்?" என்றான் ஆங்கிலத்தில். "பிம் ஏமாற்றுக்காரர் இல்லை. பக்கத்தில் நிற்கிறார். தருகிறேன்."

சேஷாத்ரி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் ரோஜர்ஸ்? திஸ் இஸ் பிம்."

ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் குரலும் குரலும் சந்தித்தன. சேஷாத்ரி நல்ல இங்கிலீஷில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முத்திரை விழுந்தது, தான் ஒட்டியது, மேலே குறுக்காகத் தானே கையெழுத்துப் போட்டது, வெட்கப்படுவது. சொல்லி முடித்து, அடிவாங்கக் காத்திருப்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

இரைச்சலில்லாத லைன். மறுமுனைக் குரல் நித்தியானந்தன் நின்ற இடத்துக்கே கேட்டது.

"முத்திரைக்கு மேலே..." என்று ஆங்கிலத்தில் மெதுவாக ஆரம்பித்தது வரதராஜாவின் குரல். "அதை நான் எத்தனையோ தடவை பார்த்தேன், மிஸ்டர் பிம். ஒருமுறைகூட எனக்குப் பிழையாகப் படவில்லை. ஏன் படவில்லை?"

சேஷாத்ரி கண்ணைத் திறந்தார்.

அந்தக் குரல், ஆழம் தெரியாத தண்ணீரில் கால் வைப்பதுபோல், தமிழில் கேட்டது.

"நீங்கள்... சாப்பிட்டாச்சோ?"

சேஷாத்ரி கீழே, இருந்த இடத்திலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டார். ரிசீவரை மட்டும் விடவில்லை.

"இன்னும் இல்லே" என்றார். "நீங்க?"

அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று கிரிஜாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான் நித்தியானந்தன். அப்படியும் கேட்டது. அங்கே ஹோம்புஷில் ஒருவர் ரிசீவரைப் பொத்தாமலே கத்திக்கொண்டிருந்தார்: "யோகராணி! பேர்த் டிக்கெட் எனக்கு வேண்டாம்! மெல்போர்ன் ரயில் எத்தினை மணிக்கெண்டு கேட்டுச் சொல்லு!"

டிகாஷன் ஆறிப்போயிருந்தது. கிரிஜா அதைச் சுடவைத்தாள்.

"சார்" என்றாள். "இந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. ஃபோன் வேலை செய்யுதான்னு எடுத்துப் பாக்கறதை நான் ரெண்டு தரம் பாத்துட்டேன்."

நித்தியானந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குளிர்" என்றான்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தூர ஊரில் தனியாக இருந்துகொண்டு, வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயரில் யாருக்காவது எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? அல்லது அப்படி ஒருவர் உங்களுக்கு எழுதுகிறாரா? எனக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். கட்டாயம் பதில் போடுவேன். ஆனால் தயவுசெய்து உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள்.